தீம் பார்க் முற்றத்துக்கு நீரூற்று: ஆறு மீட்டர் பீய்ச்ச வேண்டுமா, ஒரு மீட்டர் போதுமா?

வரைமேசை கேட்டது:

வணக்கம். ஒரு தீம் பார்க்குக்குள் வரப்போகும் தோட்ட முற்றத்தை வரையும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. இடம் 24 மீட்டருக்கு 18 மீட்டர். மூன்று பக்கம் வளைவுத் தூண்கள் வைத்த தாழ்வாரம். நான்காவதான மேற்குப் பக்கம் பூங்காவின் பெரிய நடைபாதையைப் பார்த்துத் திறந்திருக்கிறது. கிழக்குத் தாழ்வாரத்துக்குப் பின்னால் ஒரு ரோலர் கோஸ்டர். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை தடதடவென்று சத்தம், அப்புறம் அலறல். அலைந்து களைத்தவர்கள், கைக்குழந்தையோடு வந்தவர்கள், 'நான் ஏறவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள்' என்று கீழேயே நின்றுவிடுகிறவர்கள், இவர்கள் உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதுதான் திட்டக் குறிப்பில் இருக்கிறது. கருப்பொருள் ஆண்டலூசிய முற்றம், அதாவது தெற்கு ஸ்பெயின் பாணி.

நான் இதுவரை வரைந்தது: நடுவில் 5 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டி. அதன் மேல் 2 மீட்டர் விட்டத்தில் ஒரு கிண்ணம், அதன் விளிம்பு முழுக்கத் திரை போல வழியும் தண்ணீர். தொட்டியிலிருந்து நாலு திசைக்கும் 6 மீட்டர் நீளத்தில் வாய்க்கால். நாலு மூலையிலும் செடிப் பாத்தி.

உரிமையாளர் தரப்பு கேட்பது வேறு. நடுவில் ஒரே பீய்ச்சல், 6 மீட்டர் உயரத்துக்கு. ராத்திரியில் வண்ண விளக்கு. பாட்டுக்கு ஏற்ற ஆட்டம். எல்லாரும் படம் எடுக்கிற மாதிரி ஏதாவது இருக்கவேண்டும் என்கிறார்கள். அது இந்த இடத்துக்குப் பொருந்தாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு 'தோன்றுகிறது' என்று சொல்ல முடியாதே, கணக்கு வேண்டும். நீரூற்றுகளோடு நிஜமாகவே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உயரம், தொட்டி அளவு, செடி, குழந்தைகள் தண்ணீரில் இறங்குவது, எதைப் பற்றியானாலும் சொல்லுங்கள்.

---

பம்ப்ரூம் பதில்:

உங்கள் 'தோன்றுகிறது'க்குக் கணக்கு இருக்கிறது. பீய்ச்சும் வாயிலிருந்து தொட்டி விளிம்பு வரை உள்ள தூரம், குறைந்தது பீய்ச்சலின் உயரம் அளவுக்காவது இருக்கவேண்டும். இது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கை அளவு. காற்றுள்ள இடமானால் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. அப்படிப் பார்த்தால் 6 மீட்டர் பீய்ச்சலுக்குக் காற்றே இல்லாத இடத்தில்கூட 12 மீட்டர் விட்டமுள்ள தொட்டி வேண்டும். உங்கள் முற்றத்தின் அகலம் 18. இரு பக்கமும் மும்மூன்று மீட்டர் மிஞ்சும். அதில் நடப்பதா, உட்காருவதா, செடி வைப்பதா? இந்த ஒரு வரியை அவர்கள் முன்னால் வரைந்து காட்டுங்கள், பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

'காற்றுணர்வி வைத்துவிடலாமே' என்று யாராவது சொல்வார்கள். வைக்கலாம். காற்று கூடினால் அது பம்பின் வேகத்தைக் குறைக்கும், பீய்ச்சல் தாழும். ஆனால் மூன்று பக்கம் கட்டடம் உள்ள முற்றத்தில் காற்று ஒழுங்காக வராது. கூரையைத் தாண்டிக் கீழே விழுந்து சுழலும். உணர்வியைக் கூரை மேல் மாட்டினால் அது ஒரு கதை சொல்லும், கீழே உட்கார்ந்திருப்பவரின் முதுகு வேறு கதை சொல்லும். கடைசியில் நனைந்தவர்கள் புகார் சொல்ல, இயக்குகிறவர்கள் அலுத்துப்போய் உயரத்தை நிரந்தரமாக இரண்டு மீட்டருக்கு இறக்கி வைத்துவிடுவார்கள். ஆறு மீட்டருக்கு வாங்கிய பம்ப் அப்புறம் ஆயுள் முழுக்க அரை வேகத்தில் ஓடும். நான் வேலை பார்த்த ஒரு பூங்காவில் இதுதான் நடந்தது. அங்கே திறப்பு விழா அன்றைக்கு மட்டும்தான் தண்ணீர் முழு உயரத்துக்குப் போனது.

இன்னொரு கணக்கு. 6 மீட்டர் ஏறவேண்டுமானால் தண்ணீர் வாயை விட்டுக் கிளம்பும்போது நொடிக்கு ஏறக்குறைய 11 மீட்டர் வேகம் வேண்டும், திரும்பி விழும்போதும் கிட்டத்தட்ட அதே வேகம். அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் கைக்குழந்தையைத் தூங்க வைக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, எவ்வளவு உயரம் வைக்கலாம்? உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தைத் தாண்டாமல் வையுங்கள். தரையிலிருந்து 1.2 மீட்டருக்குள் தண்ணீரின் உச்சி நின்றால், எதிர்ப்பக்கம் இருப்பவரின் முகம் தெரியும், தாழ்வாரமும் தெரியும், தாய் தன் பிள்ளை எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

நீங்கள் ஆண்டலூசியா என்று சொன்னதால் கேட்கிறேன், அங்கே கிரனாடாவில் உள்ள அல்ஹம்ப்ரா அரண்மனையின் சிங்க முற்றத்தின் அளவைப் பார்த்தீர்களா? ஏறக்குறைய 28 மீட்டருக்கு 16 மீட்டர். உங்கள் இடமும் கிட்டத்தட்ட அதே பரப்புதான். 14-ஆம் நூற்றாண்டில் கிரனாடாவை ஆண்ட ஐந்தாம் முகம்மது கட்டியது. 124 தூண்கள், நடுவில் 12 சிங்கங்கள், அவற்றின் வாயிலிருந்து தண்ணீர் சாதாரணமாக வழியும். அவ்வளவுதான். உலகமே அதைப் படம் எடுக்கிறது. அந்தத் தண்ணீர் டாரோ ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாகச் சரிவிலேயே வந்தது, பம்ப் கிடையாது. அதனால் தண்ணீரை வீணடிக்காமல் அதைக் கேட்க வைக்கவும் பார்க்க வைக்கவும் தெரிந்திருந்தார்கள். இன்று அதை அடுத்துள்ள ஹெனரலீஃபே தோட்ட மாளிகையின் வாய்க்கால் முற்றத்தில் இரு பக்கமும் வில் போலப் பாயும் பீய்ச்சல்கள் பிற்காலத்தில் சேர்த்தவை. சுற்றுலாப் படங்களில் வருவது அதுதான், அது வேறு விஷயம்.

இப்போது உங்கள் கிண்ணத்துக்கு வருகிறேன். விளிம்பு முழுக்கத் திரை போல என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கும். 2 மீட்டர் கிண்ணத்தின் சுற்றளவு 6.28 மீட்டர். விளிம்பின் மேல் தண்ணீர் 5 மில்லிமீட்டர் உயரத்துக்கு நின்று வழிய, நிமிடத்துக்குச் சுமார் 245 லிட்டர் தேவை. அதையே 1 செ.மீ. ஆக்கினால் 690 லிட்டர். இரட்டிப்புத்தானே ஆகும் என்று நினைக்கக்கூடாது, ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகிறது. அதைவிடப் பெரிய தொல்லை மட்டம். 5 மில்லிமீட்டர் தண்ணீருக்கு விளிம்பு ஒரு பக்கம் 3 மில்லிமீட்டர் தாழ்ந்துபோனால் போதும், தண்ணீரெல்லாம் அங்கேயே சாயும், எதிர்ப்பக்கம் காய்ந்து உப்புப் படியும். கல் கிண்ணத்தை ரசமட்டம் வைத்து அன்றைக்குச் சரியாக உட்கார வைத்துவிடலாம். அடித்தளம் ஒரு வருடத்தில் சற்றே இறங்கினால் என்ன செய்வீர்கள்? அந்தச் சிங்கங்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கின்றன. தனித்தனி வாய்கள். 8 அல்லது 12 வாய் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் அடியில் தனி வால்வு வையுங்கள். மட்டம் பிசகினாலும் வால்வைத் திருப்பிச் சமன் செய்துகொள்ளலாம். தண்ணீரும் பாதிக்குக் குறைவாகப் போதும். சத்தமும் நன்றாக இருக்கும், ஒரே இரைச்சலாக இல்லாமல் பிரித்துப் பிரித்துக் கேட்கும்.

வாய்க்கால்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. பம்ப் நின்றால் அவற்றில் உள்ள தண்ணீர் எங்கே போகும்? 40 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழம், 6 மீட்டர் நீளம், அப்படி நான்கு: மொத்தம் 480 லிட்டர். தொட்டியின் பரப்புக்கு அது இரண்டரை செ.மீ. உயரம். ராத்திரி பம்பை நிறுத்தியதும் அது திரும்பி வந்து நிரம்பி வழிந்து வடிகாலில் போய்விடும். காலையில் பம்ப் போட்டதும் மட்டம் இறங்கும், மிதவை வால்வு புதுத் தண்ணீரை விடும். தினமும் இதே கூத்து. தண்ணீர்க் கட்டணச் சீட்டு வரும்போது எல்லாரும் கசிவைத் தேடிக்கொண்டு தரையைத் தோண்டுவார்கள். திரும்பி வரும் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தரைக்கு அடியில் ஒரு சமநிலைத் தொட்டி வைத்தால் தீர்ந்தது. அதற்கான இடத்தை இப்போதே ஒதுக்குங்கள், பிறகு யாரும் தரமாட்டார்கள்.

கூட்டத்தில் சொல்ல இன்னொன்று: வெள்ளையாகத் தெரிவது காற்றுக் கலந்த நீர்தான். அதற்குப் பின்னால் இருட்டு வேண்டும். வானத்தைப் பின்னணியாக வைத்து 6 மீட்டர் பீய்ச்சினால் பகலில் பாதி காணாமல் போய்விடும். உங்கள் தாழ்வாரத்தின் நிழல் பின்னால் வரும்படி, சூரியன் எதிரே இருக்கும்படி வைத்தால் ஒரு மீட்டர் தண்ணீரே பளிச்சென்று தெரியும். படம் எடுக்க அது போதும்.

---

வாணவேடிக்கை பதில்:

எல்லாம் சரி, ஆனால் இது தீம் பார்க். ஜனங்கள் அமைதிக்காக டிக்கெட் வாங்குவதில்லை. தூரத்திலிருந்து ஏதாவது தெரிந்தால்தான் அந்தப் பக்கம் கால் போகும். டிஸ்னிலேண்டில் கோட்டையை நடுத் தெருவின் முடிவில் வைத்தது அதற்குத்தானே? உயரமான பீய்ச்சல் அந்த வேலையைச் செய்யும். உரிமையாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

---

பம்ப்ரூம் பதில்:

இருக்கிறது, அதனால்தான் அந்தப் பீய்ச்சலை வெளியே வைக்கச் சொல்வேன். பெரிய நடைபாதையின் சதுக்கத்தில், சுற்றிலும் திறந்த இடம் உள்ள பக்கத்தில். ஆளை இழுக்கிற வேலை வாசலுடையது. உள்ளே வந்தவனை இன்னும் எதற்கு இழுக்கவேண்டும்? அவன் வந்ததே இழுபடாமல் கொஞ்ச நேரம் இருக்கத்தான்.

கேளிக்கைப் பூங்காக்களில் அமைதிக்கு இடம் இல்லை என்பதையும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கோபன்ஹேகனின் டிவோலி 1843-லிருந்து நடக்கும் கேளிக்கைப் பூங்கா. அதற்குள் 1943-ல் ஜி. என். பிராண்ட் வடிவமைத்த பூந்தோட்டம் இருக்கிறது. நீரூற்றுகள் எப்படி என்கிறீர்கள்? மரத் தொட்டிகள், அதில் குட்டிக் குட்டியாகத் தண்ணீர். ரைடுகளுக்கு நடுவே ஜனங்கள் அங்கே போய் உட்காருகிறார்கள். புளோரிடாவில் உள்ள டிஸ்னியின் எப்காட் பூங்காவில் மொராக்கோ அரங்கமும் அப்படித்தான். 1984-ல் திறந்தது, மொராக்கோ அரசர் இரண்டாம் ஹசன் அனுப்பிய கைவினைஞர்கள் ஓடு பதித்தது. அதன் உள்முற்றத்து நீரூற்று வெளியே இருந்து கண்ணுக்கே தெரியாது. நுழைந்து திரும்பினால்தான் தெரியும். அதில் உள்ள சுகமே அதுதான்.

---

வேர்க்கணக்கு பதில்:

செடிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஆண்டலூசியா என்றதும் எல்லாரும் அரளியை வரைவார்கள். பூ நன்றாக இருக்கும், வெயில் தாங்கும், பராமரிப்பு குறைவு. ஆனால் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். இரண்டு வயதுக் குழந்தை கைக்கு எட்டியதை வாயில் வைக்கும் இடத்தில் அது வேண்டாம். காகிதப்பூவுக்கு முள் உண்டு. தூணின் மேல்பாதியில் ஏற்றிவிடலாம், உட்காரும் இடத்தின் முதுகில் வேண்டாம். ஆரஞ்சு மரம் அந்த ஊர் முற்றங்களின் அடையாளம், கோர்டோபா பள்ளிவாசல் முற்றத்துக்கே ஆரஞ்சு முற்றம் என்றுதான் பெயர். அதை வைக்கலாம், ஆனால் பழம் விழுந்து நசுங்கும் வட்டத்துக்குள் நடைபாதை வரக்கூடாது. பாத்தியின் நடுவில் வைத்தால் பழம் மண்ணில் விழும். குளவியும் தேனீயும் அதோடு அங்கேயே நின்றுவிடும்.

ஆல், அரசு, அத்தி இனம் எதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். வேருக்கு ஈரம் எங்கே இருக்கிறது என்று தெரியும். குழாய் மூட்டைத் தேடிப் போய்விடும். சின்ன இலை உதிர்க்கும் மரங்களும் தொட்டிக்கு மேலே வராமல் பாருங்கள். பெரிய இலை மிதக்கும், வலையில் அள்ளிவிடலாம். புளிய இலை மாதிரி பொடிப்பொடியாக உதிர்வது வடிகட்டியை அடைத்துக்கொள்ளும்.

பலர் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு: நீரூற்றுத் தண்ணீரில் குளோரின் இருக்கும். சாரல் படும் வளையத்துக்குள் மென்மையான இலை உள்ள செடி வைத்தால் ஓரம் கருகும். அங்கே தடித்த இலை உள்ள புதர்ச்செடி வையுங்கள், அல்லது செடியே வேண்டாம், கல் போடுங்கள். செடிக்கான பாசனத்தையும் நீரூற்றையும் ஒரே குழாயில் இணைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பாத்தியின் சுவரை 45 செ.மீ. உயரத்துக்கு, 40 செ.மீ. அகலத்துக்கு எழுப்புங்கள். அதுவே இருக்கை. தனியாக பெஞ்சு வாங்கும் செலவு மிச்சம், செடியை மிதிக்கும் தொல்லையும் இல்லை. கிளைகள் நடைபாதைக்கு மேலே வரும் இடத்தில் குறைந்தது 2.2 மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். தோளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் நடக்கும் பக்கத்தில் இன்னும் கூட.

---

வரைமேசை எழுதியது:

மிக்க நன்றி. 12 மீட்டர் வட்டத்தை வரைந்து பார்த்தேன், பயமாகவே இருந்தது. அதை அப்படியே கூட்டத்துக்கு எடுத்துப் போகப்போகிறேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, கோஸ்டர் சத்தம். சின்ன நீரூற்று என்றால் அது அந்தச் சத்தத்தில் மூழ்கிவிடாதா? இரண்டு, குழந்தைகள். எப்படி வரைந்தாலும் இறங்கத்தான் போகிறார்கள். தொட்டியைச் சுற்றிக் கம்பி வேலி போடச் சொல்கிறார்கள். போட்டால் முற்றமே கெட்டுவிடும்.

---

பம்ப்ரூம் பதில்:

சத்தத்தை நடுவில் உள்ள தண்ணீரிடம் விடாதீர்கள், அது சத்தம் வரும் பக்கத்தின் வேலை. நியூயார்க்கில் பேலி பார்க் என்று ஒரு சின்ன இடம், 1967-ல் திறந்தது. மூன்று பக்கம் கட்டடம், கடைசிச் சுவர் முழுக்க 6 மீட்டர் உயர நீர்வீழ்ச்சி, நிமிடத்துக்கு 1,800 கேலன். தெரு வண்டிச் சத்தம் அதற்குள் கரைந்துபோகிறது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். கிழக்குத் தாழ்வாரத்தின் நடு வளைவுகளை அடைத்து, 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் நீர்ச்சுவர் வையுங்கள். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். தண்ணீர் கல்லை ஒட்டி மெல்லிய படலமாக இறங்கினால் சத்தமே வராது. கண்ணுக்கு ஜோர், காதுக்கு ஒன்றுமில்லை. அதனால் கல்லில் வரி வரியாகப் படி வெட்டி உடையவிடுங்கள், கடைசி அரை மீட்டர் தண்ணீரின் மேலேயே நேராக விழட்டும். சுவரை ஒட்டியே விழுவதால் காற்றுத் தொல்லையும் மிகக் குறைவு.

ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். கோஸ்டரின் தொடர் உறுமலைத் தண்ணீர் மறைக்கும். அலறலை மறைக்காது. அது திடீரென்று வரும், உச்சஸ்தாயியில் வரும். அதை மறைக்கத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் பேசவே முடியாது. அலறல் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், தப்பித்து வந்து உட்கார்ந்திருப்பவருக்கு அது சுகம்தான்.

குழந்தைகள் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன். சின்னக் குழந்தை மூழ்க சில செ.மீ. தண்ணீர் போதும், அதனால் '15 செ.மீ. தானே' என்ற பேச்சு வேண்டாம். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இது தொடும் தண்ணீரா, பார்க்கும் தண்ணீரா? நடுவில் தொங்கினால்தான் ஆபத்து. பார்க்கும் தண்ணீர் என்றால் தொட்டி விளிம்பு 45 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலம், உட்காரும் கல். தண்ணீர் மட்டம் விளிம்பிலிருந்து 10 செ.மீ. கீழே. பெரியவர்கள் வரிசையாக அங்கே உட்கார்ந்துவிட்டால் அதைவிட நல்ல வேலி கிடையாது. தொடும் தண்ணீர் வேண்டுமென்றால் அதைத் தொட்டியே இல்லாமல், தரையிலிருந்து எழும்பி உடனே வடியும் வகையில் வேறொரு மூலையில் வையுங்கள். அதற்குக் குளத்துக்கு இணையான சுத்திகரிப்பு வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் அதைக் குடிப்பார்கள்.

பார்க்கும் தண்ணீருக்கும் கிருமி கவனிப்பு உண்டு. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20-லிருந்து 45 டிகிரி வரையிலான தண்ணீரில் பெருகும். நுண்சாரலாக மூச்சில் போனால்தான் நோய். அதனால் மெல்லிய பனிப்புகை போலத் தூவும் பீய்ச்சு முனையை நான் எந்த முற்றத்திலும் சிபாரிசு செய்யமாட்டேன். கனமாக வழியும் வாய் போதும். பம்ப் பல நாள் நின்ற பிறகு அப்படியே போட்டு ஓட்டக்கூடாது, முதலில் கிருமிநீக்கம்.

மின்சாரம்: தண்ணீருக்குள் கை எட்டும் இடத்தில் 12 வோல்ட் விளக்கு மட்டும். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்பு இல்லாமல் எதையும் இணைக்க விடாதீர்கள். பம்ப் உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்று இருந்தால் அது முடியையும் கையையும் பிடித்து இழுக்கும். தள்ளித் தள்ளி இரண்டு வாய், மேலே குமிழ் மூடி. இதெல்லாம் வரைபடத்தில் தெரியாது, அதனால்தான் சொல்கிறேன்.

வண்ண விளக்கை அவர்கள் விடமாட்டார்கள் என்றால் நீர்ச்சுவருக்குக் கொடுங்கள். படிகளில் உடையும் தண்ணீர் வெள்ளையாக இருக்கும், வெளிச்சம் அதில்தான் ஒட்டும். நடுக் கிண்ணத்துக்கு இளமஞ்சள் ஒன்றே போதும். விளையாட்டாக ஏதாவது வேண்டும் என்றால் கண்ணாடிக் குழல் மாதிரி தெளிவாகப் பாயும் துண்டுத் தண்ணீர் இருக்கிறது, எப்காட்டில் ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்குத் தாவுகிறதே, அது. செடிப் பாத்திகளுக்கு இடையே இரண்டு தாவல் வைத்தால் பிள்ளைகள் தொட்டிப் பக்கமே வரமாட்டார்கள். அதற்கும் காற்று ஆகாது, திறந்த பக்கத்தை விட்டுத் தள்ளி, தாழ்வாரத்தை ஒட்டி ஒதுங்கிய மூலைதான் சரி.

---

நாலாம்நம்பர்கேட் பதில்:

நான் வடிவமைப்பாளர் இல்லை, கூட்டம் நிர்வகிக்கிற ஆள். இரண்டு விஷயம்.

அணிவகுப்போ நிகழ்ச்சியோ முடிந்ததும் ஒரே நேரத்தில் எல்லாரும் நகர்வார்கள். உங்கள் முற்றம் அப்போது குறுக்குவழியாக மாறக்கூடாது. மேற்குப் பக்கத்துத் திறப்புக்கு நேர் எதிரே இன்னொரு வழி வைத்தால் மாறிவிடும், உட்கார்ந்திருப்பவர்கள் ரயில் நிலையத்தில் உட்கார்ந்த கதைதான். இரண்டாவது வழி கட்டாயம் வேண்டும், அவசரத்துக்கு. ஆனால் அதை மூலையில், தாழ்வாரத்துக்குள் திரும்பிப் போகும்படி வையுங்கள். தெரிந்தவன் போவான்.

தள்ளுவண்டிகளை எங்கே நிறுத்துவார்கள் என்று வரைந்தீர்களா? யாரும் வரைவதில்லை. பத்து வண்டி நின்றால் உங்கள் வாய்க்கால் ஓரம் முழுக்க அடைந்துவிடும். திறந்த பக்கத்தில் ஒரு விரிவு விடுங்கள். வாய்க்கால் 5 செ.மீ. ஆழம் என்றாலும் சக்கரம் இறங்கினால் கவிழும், கைத்தடியோடு வருகிறவருக்கும் ஆபத்து. கடக்கும் இடங்களில் கல் பலகை போட்டு மூடுங்கள். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் எல்லா உட்காருமிடத்துக்குப் பக்கத்திலும் வேண்டும். பாத்திச் சுவரில் அங்கங்கே ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டால் சக்கர நாற்காலியில் இருப்பவரும் வரிசையிலேயே சேர்ந்து உட்காரலாம், முன்னால் துருத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

தரைக் கல் நனைந்தாலும் வழுக்காததாக இருக்கவேண்டும். மெருகு போட்ட பளிங்கு என்று யாராவது ஆசைப்பட்டால், வழுக்கலை அளக்கும் ஊசல் சோதனையில் ஈரத்தில் 36-க்கு மேல் எண் வருகிறதா என்று கேளுங்கள். ஆசை அடங்கிவிடும். அப்புறம், காசு போடுவார்கள். தண்ணீர் என்று ஒன்று இருந்தால் போடுவார்கள். செம்புக் காசு கல்லில் கறை பிடிக்கும், அள்ளும் பொறுப்பு யாருக்கு என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

---

வரைமேசை எழுதியது:

கூட்டம் முடிந்தது. 12 மீட்டர் வட்டம் வேலை செய்தது. உரிமையாளர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, 'அப்படியானால் ஜனங்கள் எங்கே நிற்பார்கள்?' என்று அவரே கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. 6 மீட்டர் பீய்ச்சல் வெளிச் சதுக்கத்துக்குப் போகிறது, அதை வேறு குழு பார்க்கிறது.

இப்போதைய நிலை: நடுத்தொட்டி 5 மீட்டர் அப்படியே. கிண்ணத்துக்கு 8 வாய், ஒவ்வொன்றுக்கும் வால்வு. தண்ணீரின் உச்சி 1.1 மீட்டர். வாய்க்கால் நான்கு திசையிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது, கிழக்கும் மேற்கும் மட்டும்; நீர்ச்சுவரின் தண்ணீர் கிழக்கு வாய்க்கால் வழியாகத் தொட்டிக்கு வருகிறது. வடக்கும் தெற்கும் நடக்க விட்டாயிற்று. தொட்டியின் உட்புறம் கரும்பச்சை ஓடு. வெளிர் நீலம் கேட்டார்கள், நீச்சல்குளம் மாதிரி தெரியும், இறங்கச் சொல்லிக் கூப்பிடும் என்றேன். அரளி போய் மர்ட்டில் என்ற வாசனைப் புதர்ச்செடி வந்தது. ஆரஞ்சு பாத்தி நடுவில். தாவும் தண்ணீருக்குச் செலவுக் கணக்கு கேட்டிருக்கிறார்கள்.

சமநிலைத் தொட்டியையும் பம்ப் அறையையும் தெற்குத் தாழ்வாரத்துக்கு அடியில் போட்டிருக்கிறேன். கடைசிக் கேள்வி: இறங்கும் மூடியை எங்கே வைப்பது? கட்டடக்காரர் வசதியாக இருக்கிறது என்று நடைபாதையின் நடுவிலேயே காட்டுகிறார்.

---

பம்ப்ரூம் பதில்:

நடைபாதையில் வேண்டாம். மோட்டார் பழுதானால் பூங்கா திறந்திருக்கும்போதே கழற்ற வேண்டி வரும், அப்போது அந்தப் பக்கம் முழுக்கக் கயிறு கட்டி அடைப்பார்கள். தாழ்வாரத்தின் கோடியில், பின்பக்கப் பணியாளர் கதவை ஒட்டி வையுங்கள். ஆள் இறங்கும் அளவு மட்டும் பார்க்காமல், வாங்கப்போகும் பம்பின் அளவைக் கேட்டு, அது படுத்த வாக்கில் வெளியே வரும்படி மூடியின் அளவைப் போடுங்கள். மூடிக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு கொக்கி, சங்கிலிக் கப்பி மாட்ட. அறைக்குள் தனி வடிகால், தண்ணீர் புகுந்தால் வெளியேற்ற ஒரு சின்ன பம்ப், காற்றோட்டம், வெளிச்சம். குளோரின் டப்பாவை மின்பலகை இருக்கும் அதே அறையில் வைக்க விடாதீர்கள், அந்த ஆவியில் செம்பெல்லாம் பச்சை பிடித்துப்போகும். எட்டு வால்வுகளிலும் எண் பொறித்த தகடு மாட்டச் சொல்லுங்கள். எந்த வால்வு எந்த வாய்க்கு என்று கட்டியவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது.

மர்ட்டில் நல்ல தேர்வு.